கிராமத்தில் சிறு வீடுகள்: வாங்க ஆள் உண்டா?

இந்த இதழின் வீடு–மனை பகுதிக்கு ஒரே விஷயத்தைச் சுற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். அடிக்கடி கொத்தனாரையும் பிளம்பரையும் தேட வைக்காத, வயதானவர்களே கூட்டித் துடைத்துச் சமாளிக்கக்கூடிய சிறு வீடுகளை ஊர்ப்புறத்தில் கட்டினால் விலை போகுமா என்பதுதான் அது. பதில்களில் வரும் ரூபாய்க் கணக்கும் தலைக்கணக்கும் வழிமுறை புரிவதற்காகப் போட்டவை. உங்கள் ஊர்க் கூலி, விலையைப் போட்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

*

கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊராட்சியில் தார்ச்சாலை ஓரமாக எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் வயதான தம்பதி மட்டும்தான். பிள்ளைகள் கோவை, பெங்களூரு, வெளிநாடு என்று போய்விட்டார்கள். பராமரிப்பு அதிகம் இல்லாத 24 வீடுகள் கட்டி விற்கலாம் என்று இருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் ‘கட்டுங்க, எனக்கொண்ணு எடுத்து வைங்க’ என்கிறார்கள். நம்பி இறங்கலாமா?
– வாசகர், ஈரோடு மாவட்டம்

இப்போதைக்கு வேண்டாம். தெரிந்தவர் முகத்துக்கு நேரே ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்லும் பழக்கம் நம் ஊர்களில் இல்லை. மாநிலப் புள்ளிவிவரத்தைப் பார்த்தும் இறங்காதீர்கள். தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம், 2021-க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். ஆனால் உங்கள் ஒன்றரை ஏக்கரில் எத்தனை வீடு போகும் என்பதை இந்த எண் சொல்லாது. வீட்டை மாற்றியே தீர வேண்டிய நிலைமை, மாற மனசு, கையில் பணம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தில் ஒரே சமயத்தில் கூடினால்தான் ஒரு வீடு விற்கும். மூன்றையும் தனித்தனியாக எண்ண வேண்டும்.

முதலில் எல்லையைப் போடுங்கள். வயதானவர் வீடு மாறினாலும் பழகிய டாக்டர், கோயில், மளிகைக் கடை, சொந்தபந்தம் இவற்றை விட்டுத் தூரம் போக மாட்டார். நிலத்திலிருந்து 10 முதல் 15 கிலோமீட்டருக்குள் வரும் ஊராட்சிகளும், நகராட்சியில் அந்தப் பக்கத்து வார்டுகளும் போதும். ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் ஆள் வருவார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்தால் வரவு.

அடுத்தது தலைக்கணக்கு. இதற்குக் காசு கொடுத்து எந்த அறிக்கையும் வாங்க வேண்டியதில்லை. வாக்காளர் பட்டியலில் பாகம் வாரியாக வீட்டு எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது எல்லாம் இருக்கிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் எல்லைக்குள் வரும் பாகங்களை எடுத்து, இருக்கும் வாக்காளர்கள் எல்லோருமே 60-ஐத் தாண்டியவர்களாக உள்ள வீடுகளைக் குறியுங்கள். இதில் மூன்று இடங்களில் கணக்கு தப்பும். வெளியூர் போன பிள்ளைகளின் பெயர் இன்னும் ஊர்ப் பட்டியலிலேயே இருப்பதால், தனியாக இருக்கும் தம்பதியின் வீடு நிறைந்த வீடாகத் தெரியும். இறந்தவர் பெயர் நீக்கப்படாமல் இருக்கும். பழைய எண், புது எண் குழப்பத்தில் ஒரே வீடு இரண்டாகப் பிரிந்திருக்கும். அதை உறவினர் பெயரை வைத்துச் சேர்க்கலாம். ஆகவே பட்டியலோடு நிற்காமல், பத்துக்கு ஒரு வீடு என்று தெருவில் நடந்து சரிபார்த்து, எத்தனை கூடுகிறது, எத்தனை குறைகிறது என்று பார்த்து மொத்தத்தைத் திருத்துங்கள்.

பிறகு 40 அல்லது 50 குடும்பங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். 500 படிவம் அச்சடித்து வீடு வீடாகப் போடுவதைவிட இது பல மடங்கு மேல். ‘வாங்குவீர்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். சென்ற 12 மாதத்தில் வீட்டில் என்ன ரிப்பேர் வந்தது, எவ்வளவு ஆனது, ஆள் கிடைக்க எத்தனை நாள் ஆனது? மொட்டை மாடியைக் கூட்டுவது யார்? மேல்தொட்டியை எப்போது கழுவினார்கள்? திறக்கவே திறக்காத அறை எத்தனை? இந்த இரண்டு வருடத்தில் வேறு வீடு எதையாவது நேரில் போய்ப் பார்த்ததுண்டா? கடைசிக் கேள்விக்கு ‘பார்த்தோம்’ என்கிறவர் ஒருவர், ‘எடுத்து வைங்க’ என்கிற பத்துப் பேருக்குச் சமம். கணவரிடமும் மனைவியிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தோட்டத்துக்குப் போய் வருகிறவருக்கும் பதில் ஒன்றாக இருக்காது. தொழுவத்தில் ஒரே ஒரு எருமை இருந்தாலும் அந்தக் குடும்பத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். மாட்டை விற்கும்வரை அவர்கள் வர மாட்டார்கள். முடிவெடுக்கும் பிள்ளைகளைத் தனியே பிடிக்க வேண்டும். உங்கள் பக்கம் பாரியூர் குண்டம் (தீமிதி) திருவிழாவும் பொங்கலும் அடுத்தடுத்து வரும் ஜனவரியில் அவர்கள் ஊரில்தான் இருப்பார்கள்.

பணம்தான் பெரும்பாலான கணக்குகள் உடையும் இடம். வீட்டுக் கடனை பொதுவாக 70 முதல் 75 வயதுக்குள் கட்டி முடிக்கும்படிதான் வங்கிகள் கொடுக்கும். 66 வயதுக்காரருக்குத் தவணை பெரிதாகிவிடும். சம்பளம் வாங்கும் பிள்ளை கூட்டுக் கடனாளியாகச் சேர்ந்தால்தான் வழி. இல்லையென்றால் பழைய வீட்டையோ நிலத்தையோ விற்க வேண்டும். அந்த வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பேச்சுக்குள் கொண்டுவாருங்கள். கூட்டுப் பட்டாவா, பாகப்பிரிவினை ஆகிவிட்டதா, சகோதரிகள் கையெழுத்துப் போடுவார்களா, நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) பட்டா மட்டும்தானா? நத்தத்து வீட்டுக்குப் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்தான் வாங்க வருவார். விலை படிய வருடக்கணக்கில் ஆகலாம். நிலமாக வாங்கினாலும் தனி வீடாக வாங்கினாலும் பத்திரச் செலவு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம். இதை விலையோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் பதிலைக் கேளுங்கள்.

இப்போது வடிகட்டுங்கள். உதாரணமாக, 20 பாகங்களில் சுமார் 20,000 வாக்காளர்கள். திருத்திய கணக்கில் முதியவர்கள் மட்டுமே இருக்கும் வீடுகள் 1,000. அதில் ஓய்வூதியமோ விற்கத்தக்க சொத்தோ உள்ளவர்கள் 300. இரண்டு வருடத்துக்குள் மாற நினைப்பவர்கள் 45. பணத்துக்கு வழி தெளிவாக இருப்பவர்கள் 15. உங்கள் இடமும் விலையும் பிடிப்பவர்கள் பாதி, அதாவது ஏழோ எட்டோ. இப்படி வந்தால் 24 வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுவது தற்கொலை. ஆறு வீடு கட்டலாம். அவை விற்று, ஆட்கள் குடிவந்து, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு அடுத்த ஆறு.

இரண்டு எச்சரிக்கைகள். தேவையைச் சோதிக்க ‘டோக்கன் அட்வான்ஸ்’ வாங்கிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன்படி, பதிவு பெறாமல் விளம்பரம் செய்வதோ முன்பதிவு வாங்குவதோ கூடாது. ‘ஆறு வீடுதானே, பதிவிலிருந்து விலக்குள்ள எட்டுக்குக் கீழே’ என்பதும் செல்லாது. எல்லாக் கட்டங்களையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். எனவே உங்கள் விசாரிப்பு விசாரிப்பாகவே இருக்கட்டும். கையில் விலைப்பட்டியல், நோட்டீஸ் எதுவும் வேண்டாம். இன்னொன்று, தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் வரும் நன்செய் என்றால் நில வகை மாற்றத்துக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். அது கிடைக்குமா என்று தெரியாமல் 50 வீட்டுக்குப் போய்ப் பேசுவது வீண் அலைச்சல்.

*

இதுபோன்ற குடியிருப்பில் மாதப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு வைத்தால் ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வார்கள்?
– வாசகர், பொள்ளாச்சி

சொந்த வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது நகரத்து அடுக்குமாடிக்காரர்களுக்குப் பழகிவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை ஊராட்சியில் வீட்டு வரி கட்டிப் பழகியவருக்கு அது வாடகை மாதிரிதான் படும். வீட்டு விலையை ஒத்துக்கொண்டவர் இந்த இடத்தில் எழுந்து போவதுண்டு. அதனால் விலைக்கு முன்னால் கட்டணத்தைப் பேசுவதே நல்லது.

பாதிப் பேரிடம் 1,500-லிருந்து ஏற்றிக்கொண்டே போய் எங்கே ‘கட்டாது’ என்கிறார்கள் என்று பாருங்கள். மீதிப் பேரிடம் 5,000-லிருந்து இறக்கிக்கொண்டு வாருங்கள். ஒரே வரிசையில் கேட்டால் முதலில் சொன்ன தொகையிலேயே எல்லோர் மனசும் ஒட்டிக்கொள்ளும்.

கட்டணம் எத்தனை வீடு என்பதோடு கட்டிப்போடப்பட்டது. இரண்டு காவலாளிக்கு 24,000, துப்புரவுக்கும் செடிகளுக்கும் ஒருவர் 9,000, பொது மின்சாரம் 5,000, மோட்டார், கழிவுத் தொட்டி, வெள்ளையடிப்புக்கான ஒதுக்கு 6,000 என்றால் மாதம் 44,000. 24 வீட்டுக்குப் பிரித்தால் தலா 1,830 சொச்சம். ஆறு வீட்டுக்குப் பிரித்தால் 7,330 சொச்சம். இதை எந்தக் கிராமத்திலும் கேட்க முடியாது. சிறிதாகத் தொடங்கினால் காவலாளியை விட்டுவிட வேண்டும். பகலில் ஒரு ஆள், பிளம்பர்–எலக்ட்ரீஷியனுக்கு மாத ஒப்பந்தம், ஒதுக்கு என 15,000-க்குள் அடக்கினால் வீட்டுக்கு 2,500. இரவுக் காவல் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லி, அதற்கு எத்தனை பேர் பின்வாங்குகிறார்கள் என்றும் எண்ணுங்கள். ஒதுக்குத் தொகையை மட்டும் குறைக்காதீர்கள். மூன்றாம் வருடம் போர் மோட்டார் எரிந்து, காயில் கட்ட ஆளுக்கு இவ்வளவு என்று கையேந்தும்போதுதான் சண்டை தொடங்கும். விற்காத வீடுகளுக்கான பங்கை, வீடுகளைக் கட்டி விற்பவரே செலுத்த வேண்டும். அதையும் உங்கள் செலவில் எழுதிவையுங்கள்.

*

‘பராமரிப்பு இல்லாத வீடு’ என்று விளம்பரங்களில் பார்க்கிறோம். உண்மையில் எதைச் செய்தால் பராமரிப்பு குறையும்? எதற்குக் கூடுதல் பணம் தர மக்கள் தயார்?
– வாசகர், கோவை மாவட்டம்

பராமரிப்பே இல்லாத வீடு கிடையாது. ஏணி ஏறாமலும் சுவரை உடைக்காமலும் சமாளிக்கக்கூடிய வீட்டைக் கட்டலாம்.

தொல்லை பெரும்பாலும் தண்ணீரால்தான். மொட்டை மாடிக்கு 10 அடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் (சரிவு) வேண்டும். சுமார் 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குல மழைநீர்க் குழாய் என்று வைத்து, சிறு வீடானாலும் குறைந்தது இரண்டு வையுங்கள். ஒன்றில் இலை அடைத்தால் இன்னொன்று காப்பாற்றும். ஒன்றே ஒன்று என்றால் ஒரே ராத்திரி மழையில் மாடி குளமாகி, தளத்தில் ஓதம் இறங்கும். மாடிக்குப் போக செங்குத்து இரும்பு ஏணி வேண்டாம். கைப்பிடி வைத்த படிக்கட்டு.

குழாய்களைக் குளியலறைச் சுவருக்குள் புதைப்பது அழகுதான். ஒரு இணைப்பு கசிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும்; அதே டைல்ஸ் ஐந்து வருடம் கழித்துக் கடையில் கிடைக்காது. குளியலறையின் வெளிச்சுவரில் கதவு வைத்த ஒரு குழாய்ச் சந்து விட்டு எல்லாவற்றையும் அதில் கொண்டுபோங்கள். மேற்கு மாவட்டங்களின் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் ஏறியது. ஷவர் துளை அடைக்கும், கீசர் காயில் போகும். சூரிய வெந்நீர் சாதனம் வைத்தால், போர் தண்ணீர் நேரே கண்ணாடிக் குழாய்க்குள் போகாமல், வெப்பப் பரிமாற்றி வைத்த வகையாகப் பார்த்து வாங்குங்கள். சமையலறைக்கு ஊராட்சிக் குழாய்த் தண்ணீருக்கென்று தனி இணைப்பும் சின்னத் தொட்டியும் கொடுங்கள்.

கழிவுத் தொட்டி ஐந்து பேருக்கு ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம் இருந்தால் போதும். பெரிதாகக் கட்டுவதைவிட முக்கியம், உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் மூடியை வைப்பது. வீட்டுக்குப் பின்னால் சந்தில் வைத்துவிட்டு இரண்டாம் வருடம் விழிப்பவர்கள் உண்டு. கரையான் மருந்தை அஸ்திவாரம் போடும்போதே மண்ணில் விட்டுவிடுங்கள். கதவு நிலைக்கு மரத்தூள்–பிளாஸ்டிக் கலவை நிலை. ஜன்னலுக்கு யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) நல்லதுதான், ஆனால் மலிவுச் சரக்கு வெயிலில் மாவாகும், சக்கரம் தேய்ந்து நகராது. கொசுவலைக்கென்று மூன்றாவது தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயதானவர்களுக்காக: கதவுகள் திறந்த இடைவெளி 3 அடி, குளியலறைக்கு வாசற்படி இல்லாமல் வழுக்காத தரை, சாய்தளம் வேண்டுமானால் ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கைப்பிடியைப் பிறகு மாட்டிக்கொள்வதாக இருந்தாலும், அது வரும் இடத்தில் சுவரைக் கெட்டியாகக் கட்டிவிடுங்கள்.

எதற்குப் பணம் தருவார்கள் என்பதை அட்டைகளை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு வசதியையும் அதன் கூடுதல் விலையோடு ஒரு அட்டையில் எழுதி, ‘இரண்டு லட்சத்துக்குள் இதில் எதையெல்லாம் எடுப்பீர்கள்?’ என்று கையில் கொடுங்கள். விலை இல்லாமல் கேட்டால் எல்லாமே வேண்டும் என்பார்கள். ஒன்றை மட்டும் எங்கள் கருத்தாகச் சொல்கிறோம்: ‘இரண்டு பேர்தானே’ என்று ஒற்றைப் படுக்கையறை வீடு கட்டாதீர்கள். தீபாவளிக்குப் பேரன் பேத்தி வந்து படுக்க இடம் இல்லாத வீட்டை ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள். 750 முதல் 850 சதுர அடியில் இரண்டு படுக்கையறை, கோலம் போடவும் வற்றல் காயவைக்கவும் ஒரு வாசல், துணி துவைக்கும் கல். உடற்பயிற்சிக் கூடத்தை விட்டுவிடலாம்.

*

காரைக்குடி பக்கம் எங்கள் ஊரில் பங்காளிகள் பலருக்கும் சொந்தமான பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. வந்து தங்கச் சின்னதாக ஒரு வீடு இருந்தால் வாங்கிக்கொள்வோம் என்று சென்னையிலிருப்பவர்கள் சொல்கிறார்கள். இது நிஜமான தேவையா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

நிஜம்தான், ஆனால் வேறு வகை. முதல் கேள்வியில் வந்த கோபிக்காரர்கள் பழைய வீட்டை விற்றால்தான் புதியது வாங்க முடியும். உங்கள் ஊரில் பெரிய வீட்டை விற்கவும் முடியாது, விற்க மனசும் வராது. பணம் சென்னையிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரும். எனவே வாக்காளர் பட்டியல் இங்கே உதவாது. கோயில் வரிப் புள்ளிக் கணக்கை (வரி கட்டும் குடும்பங்களின் பட்டியலை) பார்த்தால் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அவர்களிடம் ‘வாங்குவீர்களா’வைவிட ‘சென்ற வருடம் எத்தனை ராத்திரி ஊரில் தங்கினீர்கள், எங்கே தங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்) என்று வந்துவிட்டு ஹோட்டலில் அறை எடுத்தவர்கள்தான் உங்கள் ஆட்கள். 20 வீடு விற்றும் 15 வீடு பூட்டியே கிடந்தால், பொதுச் சமையலறையோ மளிகைக் கடையோ அங்கே நடக்காது. மீதி ஐந்து வீட்டு முதியவர்கள் தனித்துப் போவார்கள். இரண்டு கூட்டத்தையும் கலக்காதீர்கள். பூட்டிப் போகும் வீட்டுக்குத் தேவையும் வேறு: வெளியே நின்றே மூடக்கூடிய தண்ணீர் வால்வு, ஒரே சுவிட்சில் மின்சாரத்தை நிறுத்தும் வசதி, மாதம் ஒருமுறை திறந்து காற்றோட்டம் விட்டுக் கழிப்பறைகளில் தண்ணீர் ஊற்ற ஒரு ஆள். தண்ணீர் ஊற்றாவிட்டால் வளைகுழாயில் நிற்கும் நீர் வற்றி, சாக்கடை நாற்றமும் கரப்பானும் உள்ளே வரும். ஆத்தங்குடிக் கல் அழகுதான். நடமாட்டமும் அடிக்கடி துடைப்பும் இருந்தால்தான் அதன் பளபளப்பு நிற்கும். பூட்டும் வீட்டுக்கு வேண்டாம்.

*

கிராம சபையில் இந்தத் திட்டத்தைச் சொல்லி எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டால் என்ன?
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்

கை தூக்குகிறவர்களை எண்ணாதீர்கள். எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று அறிய மட்டும் போங்கள். புதுப் போர் போட்டால் பக்கத்துக் கிணறு வற்றுமா, கழிவுநீர் எந்த ஓடையில் விழும், அந்த வழியாகச் சுடுகாட்டுப் பாதை போகிறதா என்பவை அங்கேதான் வெளிவரும். வருடத்தில் ஆறு கூட்டங்கள். ஒன்றில் கேட்டுவிட்டு அடுத்ததில் பதிலோடு போனால் மரியாதை. விலை, விற்பனை என்று வாயைத் திறக்க வேண்டாம். காரணத்தை முதல் பதிலில் சொல்லிவிட்டோம்.

*

எனக்கு 67 வயது. ஊருக்குப் பக்கத்தில் மூத்தவர்களுக்கான 30 வீடுகள் வரப்போகின்றன, ‘பாதிக்கு மேல் புக் ஆகிவிட்டது, இரண்டு லட்சம் கொடுத்தால் உங்களுக்கு ஒன்று நிற்கும்’ என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதிவு எண் கேளுங்கள். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் திட்டத்தின் விவரம் வரும். எத்தனை வீடு முன்பதிவு ஆனது என்பதையும் கட்டுபவர் காலாண்டுக்கு ஒருமுறை அங்கே பதிய வேண்டும். ‘பாதிக்கு மேல்’ என்பது உண்மையா என்று அதில் தெரிந்துவிடும். எண் இல்லை என்றால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எண் இருந்தாலும், பதிவு செய்த ஒப்பந்தம் போடும் முன்பு மொத்த விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. ஒப்பந்தத்தில் மாதக் கட்டணம் எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு ஏறும், பாதி வீடு விற்காமல் நின்றால் அவற்றின் பங்கு யார் தலையில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இதே ஆட்கள் ஏற்கெனவே கட்டிய குடியிருப்பு ஏதாவது இருந்தால், ஒரு வார நாளில் இரவு ஏழரை மணிக்குப் போய் எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள்.